கூட வந்தவருக்குத் தனி டோக்கன்

டாக்டர் ஜவஹரின் கிளினிக்கில் தொங்கும் போர்டை எழுதியவன் நான். யாரும் கேட்டு எழுதவில்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்றவன் நான். விதி இல்லாத இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எனக்குக் கை குறுகுறுக்கும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தக் கிளினிக். டாக்டர் ஐந்து மணிக்கு வருவார். நாலு மணிக்கே மேஜைமேல் ஃபைல்கள் வந்து படுத்துக்கொள்ளும். ஃபைலை வைத்த ஆள் கீரை வாங்கப் போயிருப்பார். திரும்பி வந்து, "என் ஃபைல்தானே மொதல்ல இருந்தது?" என்று ரிசப்ஷனிஸ்ட் சந்திரிகாவிடம் சண்டை பிடிப்பார். உள்ளே போனவரோ வெளியே வரமாட்டார். தன் முழங்காலைக் காட்டி முடித்ததும், "டாக்டர், இவளும் கூட வந்திருக்கா, ஒரு பார்வை பாத்துடுங்க" என்பார். ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவர் மச்சினரின் ஸ்கேனை மட்டும் கொண்டுவந்து அரை மணி நேரம் காட்டினார். மச்சினர் பெங்களூரில் இருந்தார்.

மாதாமாதம் சர்க்கரைக்காகப் போகிற நான் இதையெல்லாம் எத்தனை நாள் பொறுப்பது? மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு விதிகள் எழுதினேன். புது நோயாளி படிவம் நிரப்பிக் கடைசியில் பார்க்க வேண்டும். ஃபீஸை உள்ளே போகும் முன்பே கட்ட வேண்டும். டோக்கனை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. நாலாவது விதி என் செல்லக் குழந்தை. ஒரு டோக்கனுக்கு ஒரே நோயாளி, உடன் வந்தவர் தமக்காக எதுவும் கேட்கக் கூடாது, தேவையென்றால் தனி டோக்கன் பெற வேண்டும். ஐந்தாவது அதற்குத் துணை. மருந்துச் சீட்டில் அந்த நோயாளியின் மருந்து மட்டுமே எழுதப்படும். ஆறும் ஏழும் செல்போனும் செருப்பும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் என் மனைவி அபயாம்பாளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

"ஏன்னா, இந்த நாலாவது யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். விதின்னா அப்படித்தானே இருக்கணும்?"

"நன்னா எழுதியிருக்கேள்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குக்கர் சத்தம் கேட்டு உள்ளே போனாள்.

டாக்டருக்கும் போர்டு பிடித்துப்போயிற்று. கூட்டம் ஒழுங்குக்கு வந்தது. பதினோரு வருஷமாக என்னோடு உள்ளே வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்கிறவள் அபயாம்பாள். எனக்கு இருமல் எப்போது வந்தது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் டாக்டரிடம் அவள்தான் சொல்வாள். நான் நாக்கை நீட்டுவதோடு சரி. போர்டு வந்த பிறகு இரண்டொரு தடவை டாக்டர் அவளைப் பார்த்து, "மாமி, ஒரு டோக்கன் போட்டுட்டு வாங்க" என்றார். அவள், "ஆகட்டும் டாக்டர்" என்றாள். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார், இவளும் மரியாதைக்குத் தலையாட்டுகிறாள் என்று நினைத்தேன்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. ஏப்ரலில் என் மருந்துச் சீட்டு ஆறு வரியிலிருந்து ஐந்து வரியாகக் குறைந்தது. டாக்டரின் கையெழுத்தை மருந்துக்கடை வாஜித்தைத் தவிர யாராலும் படிக்க முடியாது. மாத்திரைகளைப் பிரித்து வேளாவேளைக்கு என் கையில் தருகிறவளும் அபயாம்பாள்தான். ஆனால் வரியை எண்ணத் தெரியாதா எனக்கு? நாகேஸ்வரராவ் பார்க்கில் கூட நடக்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். "நாப்பது நிமிஷ நடை சார்! ஒரு மாத்திரையே கட்!"

மே மாதம் அபயாம்பாளுக்குத் தலைவலி. வெயில் என்றாள். ஜூனில் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள். தலைகாணி சரியில்லை என்றாள். ரங்கநாதன் தெருவுக்குப் போய்ப் புதுத் தலைகாணி வாங்கி வந்தேன். ஒரு கணவன் வேறென்ன செய்ய முடியும் என்று அப்போது திருப்தியாகக்கூட இருந்தது.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, சாயங்காலக் காப்பியை ஆற்றிக்கொண்டே வந்தவள், தம்ளரை என்னிடம் நீட்டாமல் சுவரைப் பிடித்தாள். அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கண் சொருகியது. முகத்தில் தண்ணீரைத் தெளித்தேன். பிறகு கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லை. பன்னண்டாந்தேதி ஒங்களுக்கு டாக்டர்கிட்ட போகணுமே, அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கிளம்பும்போது அவள் என்னை வீட்டுக்குள் திருப்பி அனுப்பி எடுத்துவரச் சொன்ன துணிப்பை என் தோளில் தொங்கியது.

"சார், இன்னிக்கு உங்க டேட் இல்லையே" என்றாள் சந்திரிகா.

"எனக்கில்லைம்மா. மாமிக்கு. மயக்கம் போட்டுட்டா."

சந்திரிகா அலமாரியைத் திறந்து தேடினாள். "மாமி பேர்ல ஃபைலே இல்ல சார். புது நோயாளி. ஃபார்ம் ஃபில் பண்ணுங்க. புதுசுன்னா கடைசிதான்..." என்று சொல்லிக்கொண்டே என் தலைக்கு மேலே பார்த்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பதினோரு வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள் புது நோயாளி. படிவத்தை வாங்கினேன். பெயர் எழுதினேன். வயது எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ரத்தப் பிரிவு? தெரியாது. ஒவ்வாத மருந்து? தெரியாது. தற்போது சாப்பிடும் மருந்து? 'எதுவுமில்லை' என்று அழுத்தி எழுதினேன்.

முன்வரிசையில் பட்டினப்பாக்கத்து அமீனா பீ உட்கார்ந்திருந்தாள். ஃபைல் காலத்தில் வரிசை தாண்டுகிறாள் என்று நான் இரண்டு முறை சத்தம் போட்ட அதே அம்மாள். எழுந்து வந்து தன் டோக்கனை அபயாம்பாள் கையில் திணித்தாள்.

"டோக்கனை மாத்தக் கூடாதும்மா" என்று என் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. வெட்கக்கேடு.

"இன்னா சார் பேசிகினு கீற? மயக்கம் போர்டுக்கா வந்துகீது? நீ உள்ள போ மாமி!"

டாக்டர் பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இருநூற்றுப் பத்துக்கு நூற்றிருபது. ஒரு மாத்திரையைக் கையோடு கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, "மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க மாமி?" என்றார்.

"அவ மாத்திரையே சாப்பிடறதில்லையே டாக்டர்" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், உங்க சீட்டுல ஆறாவது வரி மாமியோட பிரஷர் மாத்திரை. ஒன்பது வருஷமா உங்களைப் பார்த்து முடிச்சதும் அவங்களுக்கும் பார்த்து அதுல எழுதிட்டிருந்தேன். நீங்க ஃபீஸ், ரிப்போர்ட்டுன்னு வெளியே போயிருப்பீங்க. போர்டு வந்தப்புறம் தனி டோக்கன் போட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். வேற டாக்டர்கிட்ட காட்டிக்கறாங்கன்னு நினைச்சேன். என் தப்புதான்."

என் நாற்பது நிமிஷ நடை. பார்க்கில் நான் அடித்த தம்பட்டம்.

"ஏன் அபயா, ஒரு டோக்கன் போட்டுண்டா என்ன?"

"நேக்குன்னு டோக்கன் போட்டா, ஒனக்கென்னன்னு கேப்பேள். ஒம்பது வருஷமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? பயந்துடுவேள்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பழையபடி கேக்கலாம்னா, நீங்க எழுதின போர்டை நானே மீறினா சந்திரிகா சிரிக்க மாட்டாளா?"

அந்த போர்டை ஊரில் ஒரே ஒருத்திதான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பக்கவாதமாகியிருக்கும் என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பிரஷர் கொஞ்சம் இறங்கியது. புதுச் சீட்டு எடுத்து மேலே 'அபயாம்பாள்' என்று எழுதினார்.

அவள் படுத்தபடியே கையை நீட்டி என் தோளிலிருந்த துணிப்பையைக் கேட்டாள். உள்ளிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"டாக்டர், இவரோட சுகர் ரிப்போர்ட் நேத்திக்கு வந்தது. வெறும் வயித்துல கொஞ்சம் ஏறியிருக்கு. கூட வந்திருக்கார், ஒரு பார்வை பாத்துடுங்கோ."

"வேண்டாம் டாக்டர்" என்றேன். "இது அவளோட டோக்கன்."

நாலாவது விதியை எழுதியதிலிருந்து அதை நான் சரியாகப் பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான். அபயாம்பாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கவரை டாக்டர் பக்கம் நீட்டியபடியே இருந்தாள். டாக்டர் அதை வாங்கிப் பிரித்தார்.