துரை ஏறாத விமானம்

விமானச் சீட்டோடு மிஸ் கானலன் வந்து நின்றபோது, டெர்மட் துரை கட்டிலில் உட்கார்ந்து மீன்குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அயல்நாடுகளில் தனித்துப்போன அயர்லாந்து முதியவர்களுக்கு உதவும் சங்கம் ஒன்று அந்த அம்மாளை அனுப்பியிருந்தது. பர்மா அரசு கொடுத்தது ஒரே நாள் விசா. மறுநாள் காலை விமானத்தில் துரையையும் கூட்டிப்போய் டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு.

துரை இளவயதில் ரயில் எஞ்சின் ஓட்ட ரங்கூனுக்கு வந்தவர். பர்மிய மனைவி இறந்து, இடுப்பெலும்பும் முறிந்து படுத்த பிறகு, ரங்கூனின் தாமுவே பேட்டையில் அவர் குடியிருந்த சந்தின் தமிழ்க் குடும்பங்கள்தான் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தன. முன்நின்று நடத்தியவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த விக்டோரியா. சங்கத்திடம் வைத்தியத்துக்கு உதவி கேட்டவளும் அவள்தான். வந்ததோ விமானச் சீட்டு.

“அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். கடைசிவரை கவனித்துக்கொள்வார்கள்” என்றார் மிஸ் கானலன் ஆங்கிலத்தில்.

அது உண்மைதான் என்று விக்டோரியாவுக்குத் தெரிந்தது. இங்கே அரிசிக்கே வரிசையில் நிற்க வேண்டிய காலம். அவரைப் பிடித்துவைக்க நமக்கென்ன உரிமை?

“போகணும்னா போங்க துரை. நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோம்” என்றாள்.

துரை தமிழில் பேசினார். எஞ்சினில் தனக்குக் கரி போட்ட குழந்தைவேலுவிடம் கற்ற தமிழ். “நான் வரலைன்னு அந்தத் தாயிகிட்ட சொல்லு புள்ள. அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா?”

விக்டோரியா சொன்னாள். “உதவி இங்கேயே வரட்டும், மிஸ்” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மிஸ் கானலன் அவளை நேராகப் பார்த்தார். “கடைகளை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து உங்கள் ஆட்களே கப்பல் கப்பலாக மதராசுக்குப் போகிறார்கள். நாளைக்கு நீங்களும் போய்விட்டால் இவருக்கு யார்?”

போன மாதம்தான் தம்பி தேவநேசன் குடும்பத்தோடு கப்பலேறினான். ‘நீயும் வந்துரு அக்கா’ என்று அழுதவனுக்கு அவள் பதிலே சொல்லவில்லை. தனக்குள்ளும் சொல்லிக்கொண்டதில்லை.

“நான் போகப்போவதில்லை. நான் பிறந்த ஊர் இது” என்றாள். அதைத் தானே முதல்முறையாகக் கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

விஷயம் புரிந்து, வாசலில் நின்ற குழந்தைவேலு, “நானும் போகலைன்னு சொல்லும்மா” என்றார். அன்றைய முறைக்காரியான ரத்தினம்மாள் குழம்புச் சட்டியோடு முன்னால் வந்தாள். “போறவளா இருந்தா இந்த நேரத்துக்கு மூட்டை கட்டிக்கிட்டிருப்பேன். மீனை ஆஞ்சு கொழம்பு வச்சுக்கிட்டா இருப்பேன்?”

விக்டோரியா அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். மிஸ் கானலன் சீட்டைக் கைப்பைக்குள் போட்டார். “ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான் சங்கம் உதவும். பரவாயில்லை, நான் போய்ச் சண்டை போடுகிறேன்” என்றவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “எனக்கும் கொஞ்சம் சோறு கிடைக்குமா?” என்றார்.

சண்டையில் அவர் ஜெயித்தார். துரைக்கு மருந்து வந்தது. நடை பழக்க ஒரு நர்ஸ் வந்தாள். மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு, துரை ஊன்றுகோல்களோடு சந்தின் முனையைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கே வந்து, சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாவில் விக்டோரியாவோடு ஏறிக்கொண்டார். பாலத்து ஏற்றத்தில் தூறல் பிடித்தது. வண்டிக்காரன் படுதாவை இழுக்கப் போனான். துரை அவன் கையைத் தட்டிவிட்டு, முகத்தை மழைக்கு நிமிர்த்தி, எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்துத் தொப்பியை உயர்த்தினார்.