மீன்கள் இல்லாத கட்டுரை

மச்சினி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பேராசிரியர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடிதத்தை வைத்தாள். அவள் கட்டுரையை ஆய்விதழ் நிராகரித்த கடிதம். மதிப்பீட்டாளர் பெயர் இல்லை, வெறும் மூன்று வரி. மூன்றும் தான் எழுதியவை என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

முப்பது வருஷமாக ஊரார் கட்டுரைகளுக்கு மார்க் போடுகிறவர். ஆரம்பத்தில் ஒன்றுக்கு ஒரு வாரம் மாய்ந்து மாய்ந்து படிப்பார். கை பழகப் பழக முதல் பக்கமே போதும் என்றாகிவிட்டது. குறைகளைக்கூடப் புதிதாக எழுதுவதில்லை, பழையதிலிருந்து எடுத்து ஒட்டுவதுதான். அப்படித்தான் கொசுப்புழு பற்றிய இவள் கட்டுரைக்கு, எப்போதோ ஒரு மீன் கட்டுரைக்கு எழுதிய 'இந்தச் சொற்ப மீன்களை வைத்துக்கொண்டு ஒரு குளத்தைப் பற்றிப் பேச முடியாது' என்ற வரி போய்விட்டது.

"இந்த வரியை இதே மேஜையில பெருமையா படிச்சுக் காட்டினீங்க, அத்தான். என் கட்டுரையில மீன் எங்க இருக்கு?"

எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பீட்டுக்கு அனுப்பும் இதழ் அது. "உன்னோடதுன்னு தெரியாதும்மா" என்றார்.

"தெரிஞ்சிருந்தா படிச்சிருப்பீங்களா?"

இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் அவள் வேலை நிரந்தரமாகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மனைவி பாதிச் சோற்றோடு அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மாதக் கடைசியில் அவள் வேலை போயிற்று. மீன் விஷயத்துக்கு வருத்தம் தெரிவித்த இதழாசிரியர், தன் தங்கையையும் மதிப்பீட்டாளராகச் சேர்த்துக்கொண்டார் என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஓய்வுக்கு முன் அதே இதழுக்கு அவர் அனுப்பிய கடைசிக் கட்டுரை நீர்ச்செடிகளைப் பற்றியது. வீட்டில் மாசக்கணக்கில் அவர் பீற்றிக்கொண்டது. அதற்கு மதிப்பீடு ஆறு பக்கம் வந்தது. மச்சினிதான் எழுதியிருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வஞ்சம் வைத்து எழுதிய ஒரு வரி கிடைத்தால் போதும், இதழாசிரியரிடம் காட்டி அவளைக் கிழித்துவிடலாம் என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் அட்டவணையில் கூட்டல் தப்பு என்றிருந்தது. போட்டுப் பார்த்தார், தப்புதான். நாலாம் பக்கத்திலும் அவள் சொன்னதே சரி. திருத்தினால் வெளியிடலாம் என்று பரிந்துரையும் செய்திருந்தாள், பாவி.

கடைசியில் தனியாக இரண்டே வாக்கியம்: 'கட்டுரையை இருமுறை முழுமையாகப் படித்தேன். இதில் மீன்கள் இல்லை.'

அந்த வரிக்குக் கீழே வைத்த பேனாவை அவர் எடுக்கவில்லை. முனை பட்ட இடத்தில் சிவப்பு மை தாளில் ஊறி, மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.