வெறும் பாட்டில்

எனக்குக் கோபம் வந்தால் கையில் கண்ணாடிச் சாமான் இருக்கக் கூடாது. அன்று பார்த்து ஒரு பாட்டில் இருந்தது.

கொடைக்கானலில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்குப் பள்ளங்கி ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தவர் தமயந்தி அக்கா. மேலே பீன்ஸ் தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து ஊற்றில் இறங்குகிறதோ என்று அவருக்குப் பயம். மருமகள் சுகன்யா ஆறு மாதக் கர்ப்பிணி.

“நாந்தான் டீச்சர் தெனமும் சொம்பு சொம்பா ஊத்திக் குடுத்தேன். ஏதாச்சும் இருந்துச்சுன்னா என்னய நானே மன்னிக்க மாட்டேன்” என்று அழுதார். அன்றிலிருந்து சுகன்யாவுக்குக் கேன் தண்ணீர்தான்.

சோதனை இதுதான். ஒரு சத்து இல்லாமல் வளராத கிருமியை, அந்தச் சத்தே இல்லாத தட்டில் விடுவோம். தண்ணீரில் இருப்பது மரபணுவை மாற்றினால், கிருமி பிழைத்துப் புள்ளி புள்ளியாக முளைக்கும். கூடவே எலி ஈரல் சாறும் சேர்ப்போம். சில விஷம் சும்மா கிடக்கும்; ஈரல் அதை உடைத்த பிறகுதான் வேலையைக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் சுத்தத் தண்ணீர் அடைத்த ஒரு பழுப்புப் பாட்டிலும் அக்கா கையில் ஊற்று வரை போய்த் திரும்பும். அதற்கு ‘வெறும் பாட்டில்’ என்று பெயர்.

ஊற்றுத் தண்ணீர்த் தட்டுகளில் எப்போதும் தானாக முளைக்கும் இருபது சொச்சம் புள்ளிகள்தான். வெறும் பாட்டில் தட்டில் தோசை மாவு ஊற்றியதுபோல் கிருமி அப்பிக் கிடந்தது! அது கெட்டால் மொத்தச் சோதனையும் செல்லாது. அட பாவமே, எட்டு வருடமாக எங்கள் ஆய்வகத்தின் இந்தச் சுத்தத் தண்ணீரில்தானே டீ போடுகிறேன்!

பாட்டிலைத் திறந்து மோந்தேன். ஏலக்காய் மணத்தது. உடனே போன் போட்டேன்.

“அக்கா, வெறும் பாட்டில்ல என்னத்தப் போட்டீங்க?”

“ஒரு துளி பஞ்சாமிர்தம் டீச்சர். சுகன்யாவுக்காகப் பழனிக்குப் போயிட்டு வந்தோம். அடுத்தவங்க பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?”

“ஊத்துத் தண்ணியில?”

“ஐயையோ, அதுலதான் நம்ம ஊத்துத் தண்ணி இருக்கே. அதுல எதுக்கு?”

வாழைப்பழத்தில் அந்தச் சத்து தாராளம். கிருமிகளுக்கு முருகன் விருந்தே வைத்துவிட்டான். கத்த வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது.

புதுப் பாட்டில்கள் போய் வந்தன. “சாமி சத்தியமா ஒண்ணும் போடல. எனக்குத்தான் கூசுது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

மூன்றாம் நாள் எல்லாத் தட்டுகளும் ஒன்றுபோல் அதே இருபது சொச்சம் புள்ளிகளோடு இருந்தன. ஈரல் சாறு சேர்த்த தட்டுகளும் அப்படியே. வெள்ளனே வந்து வாசலில் நின்ற அக்காவிடம் முடிவு எழுதிய தாளைக் கொடுத்தேன்.

“இந்தச் சோதனையில ஒண்ணும் இல்லக்கா. மருந்தடிக்கிற மாசம் இன்னொரு தடவ பாத்துருவோம்.”

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன. பையிலிருந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று போனில் கூவினார்.

“ஏ சுகன்யா! வெரசாப் போயி நம்ம ஊத்துல ஒரு சொம்பு மோந்து குடி தாயி. வெறும் தண்ணிதானாம்!”