கயிற்றில் நின்ற மாடுகள்

செவலைப் பசு தரையை விட்டு எழும்பி முப்பத்தொன்பது மணி நேரம் ஆனபோது மற்ற மாடுகளும் எழும்பின. முளையில் கட்டிய கயிறுகள் விறைத்து நின்றன. மாட்டுக்காரர் முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டுத் தொட்டி கழுவப் போனார்.

பண்ணையில் ஆய்வு தொடங்கியது மழைக்கு முன்பு. மேய்கிற மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு மரப்பட்டையின் துவர்ப்பு அதைக் குறைக்கும். மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளுக்குத் தீவனத்தில் ஒரு பிடி பட்டைப்பொடி கலக்கச் சொன்னார் ஆய்வாளர் அம்மா. தன் சின்னக் கையால் ஒருமுறை அள்ளியும் காட்டினார். மறுநாளிலிருந்து மாட்டுக்காரர் அள்ளினார். அவர் கை முறம் மாதிரி இருக்கும். ஏப்பத்தைப் பிடிக்க மாடுகளின் கழுத்தில் தொங்கவிட்ட குப்பிகளில் வாரந்தோறும் வாயு குறைந்தது. ஆய்வு நடக்கும்வரை மாட்டுக்காரருக்கு வேலையும் தொழுவத்தை ஒட்டிய அறையும் உண்டு என்றார்கள். அவர் மனைவி கல்யாணமான பிறகு முதன்முறையாகச் சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டினாள்.

மாடுகள் மிதந்ததும், வெளியே வராத வாயு உள்ளேயே தங்கிவிட்டது என்று ஆய்வாளர் அம்மா விளக்கினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எடைமேடையில் குளம்பு படாததால் எடை பார்க்க வழியில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குளம்புக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார்கள். விலா எலும்புகளைப் பார்க்கவில்லை. "இனிமே ஏணி வச்சுத்தான் கறக்கணும் போல" என்றார் பால்காரர். மடி வற்றிவிட்டதை மாட்டுக்காரர் அவரிடம் சொல்லவில்லை.

செவலை கூரை உயரத்தில் செத்தது. செத்த பிறகும் இறங்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துப்போய்க் குழியில் அமுக்கி, மேலே கல் வைத்து மூடினார்கள்.

"வாயு உள்ள உருவாகவே கூடாதுண்ணே. நாளையிலேருந்து ரெண்டு பிடி போடுங்க" என்றார் ஆய்வாளர் அம்மா.

"சரிங்கம்மா."

மனைவி அறை வாசலில் நின்றிருந்தாள். "என்ன சரிங்கம்மா? நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"உள்ள போ."

"போயி? கண்ணாடியில மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காரவா?"

அவர் கயிற்றைப் பார்த்தார். அவள் ஆய்வாளர் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்க கை வேற, இவர் கை வேறம்மா. துவர்ப்புல மாடுங்க நாக்கு செத்துப்போயி, தீவனத்தையும் தொடல, புல்லையும் தொடல. மிச்சத்தையெல்லாம் இவர்தான் தொழுவத்துக்குப் பின்னால பொதைக்கிறாரு, இந்த அறை போயிருமோன்னு. அதுங்க வயித்துல காத்து இல்லம்மா. ஒண்ணுமே இல்ல. எல்லாம் பட்டினி."