ஒன்பது நிமிட அவசரம்

சத்யப்பிரியா விமானம் ஓட்டுகிறாள் என்றுதான் படப்பையில் அந்தத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. எத்தனை தரம் சொன்னாலும் ஏறவில்லை. ஒரகடத்தில், கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, வளைகுடா விமானங்கள் எந்த வேகத்தில் பறந்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுகிற வேலை அவளுக்கு. நிதானமாகப் போனால் எரிபொருள் மிச்சம், நேரம் போகும். விரட்டினால் நேரம் மிச்சம், எரிபொருள் போகும். இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தேர்ந்து விமானிக்கு அனுப்புவாள். இதையெல்லாம் தெருவில் நின்று விளக்க முடியுமா? "பொண்ணு பிளேன் ஓட்டுது" என்பது சொல்லச் சுருக்கமாக இருந்தது.

அன்று காலை பத்தரைக்குப் பக்கத்து வீட்டு ராஜம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவள் புருஷன் பலராமன் மூன்று நாளாகக் குன்றத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தம்மாமில் வேலை பார்க்கும் ஒரே மகன் இளம்பரிதி விடிகாலையில் விமானம் ஏறிவிட்டான்.

"சத்யா, இவரு கண்ணத் தொறந்து தொறந்து வாசலையே பாத்துக்கினு கீறாரு. உங்க பிளேன்ல தானே புள்ள வர்றான். கொஞ்சம் சீக்கிரம் கொண்டாரச் சொல்லேம்மா."

"அத்தை, அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் முடியும். வந்த வினையே அதுதான்.

விமானம் அரபிக்கடலுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் வேகத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிற மகராசி, தானே விமானிக்கு எழுதினாள்: தொடர் விமானம் பிடிக்க வேண்டிய பயணிகள் இருக்கிறார்கள், வேகத்தைக் கூட்டினால் நல்லது. அப்படி ஒரு பயணியும் இல்லை. விமானி சரி என்றார். வேகமாக வரச் சொல்லிவிட்டதாக ராஜம்மாவுக்கும் போனில் சொன்னாள். ஒன்பது நிமிடம் முன்னால் வரும். முந்நூற்றைம்பது கிலோ கூடுதலாக எரியும். ஆபத்துக்கென்று வைத்திருக்கும் எரிபொருளில் கை வைக்கவில்லை, உபரியில்தான் வைத்தாள். தெரு சொல்வது ஒருநாளாவது உண்மையாகிவிட்டதில் அவளுக்குச் சின்னப் பெருமைகூட.

ஒன்று முப்பத்தொன்றுக்கு விமானம் சென்னைக்கு மேல் வந்தபோது மழை கொட்டியது. யாரையும் இறங்க விடவில்லை. வானத்திலேயே சுற்றச் சொன்னார்கள். இருபது நிமிடம் சுற்றியதும், இனியும் சுற்றினால் பெங்களூர் போய் இறங்க எரிபொருள் போதாது என்று விமானி அங்கே திருப்பினார். அடுத்த ஐந்தாவது நிமிடம் சென்னையில் மழை விட்டது. திரும்பி வந்து வரிசையில் நிற்க எரிபொருள் இல்லை. பழைய வேகத்தில் வந்திருந்தால் ஒன்பது நிமிடம் கழித்துத்தான் வந்திருக்கும். இன்னும் பத்து நிமிடம் சுற்றத் தெம்பும் இருந்திருக்கும். இரண்டு மணிக்கெல்லாம் இறங்கியிருக்கும். சத்யா அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒருமுறையாவது வேறு விடை வரக்கூடாதா என்று இருந்தது.

மூன்று இருபத்தைந்துக்குப் பலராமன் போய்விட்டார். இளம்பரிதி குன்றத்தூர் வந்து சேர்ந்தபோது மணி ஏழு.

ஆபீஸில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்தது, விமானம் திரும்பியது, அவ்வளவுதான் அவர்களுக்கு. யாராவது கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

பால் தெளித்த மறுநாள் துக்க வீட்டுக்குப் போனாள். இளம்பரிதி பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். என் ரூம்மேட் நயினார் எங்களுக்கு அப்புறம் கெளம்பின பிளேன்ல வந்தான். அது நேரா சென்னைலயே எறங்கிச்சாம். எங்களுத மட்டும் ஏன் திருப்பினாங்க?"

மழை என்று ஒரு சொல் போதும். அவளால் முடியவில்லை. ராஜம்மா கேட்டது, தான் பொய் எழுதியது, உபரி எரிந்துபோனது எல்லாவற்றையும் சொன்னாள். "என்னாலதான் தம்பி. நான் சும்மா இருந்திருந்தா நீ அப்பாவ உசுரோட பாத்திருப்ப."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா."

"இல்ல தம்பி, அவங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா உங்களக் கோச்சுக்க மாட்டாங்க. கேட்டது அவங்கதானே. நான் கேக்கப் போய்த்தான் இப்டி ஆச்சுன்னு அவங்களையே தின்னுக்குவாங்க."

சத்யாவுக்கு அது தோன்றவேயில்லை. சொல்லிவிட்டால் தன் பாரம் இறங்கும் என்று மட்டுமே நினைத்திருந்தாள்.

ராஜம்மா உள்ளேயிருந்து காப்பியோடு வந்து, சத்யாவின் கையைப் பிடித்துச் சொந்தக்காரர்கள் நடுவே உட்காரவைத்தாள்.

"இதான் நான் சொன்ன பொண்ணு. ஒரு போன்தான் போட்டேன், உடனே வேகமா வுடச் சொல்லிச்சு. மழ வந்து கெடுத்துச்சு, இது இன்னா பண்ணும்? என்னாம்மா?"

பந்தலுக்கு வெளியே இளம்பரிதி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஆமா அத்தை," என்றாள் சத்யா. "மழதான்."