கடைசி இரண்டு வரிக்காக ஒரு நாள்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம் இரட்டிப்பாகும்.

ஒரு தாயிடம் அவள் மகன் இறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பில் பாதி என்னுடையது. நான் அதை ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அதைச் சொல்ல நான் கட்டிய பாட்டின் கடைசி இரண்டு வரி எனக்குப் பிடித்த மாதிரி அமையவில்லை என்பதுதான் காரணம்.

என் பெயர் அனார். ஊர் நாரின் என்ற மலை நகரத்துக்குப் பக்கத்தில். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். இரண்டாவதை என் கணவரே இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. ஆனாலும் குடும்பத்தில் எனக்கு ‘எழுதறவ’ என்று பெயர். கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஊர் அலுவலகத்துக்கு எழுதும் மனு வரை எல்லாம் என் தலையில்தான் விழும். சாவும் விழுந்தது.

2.

கிழித்துப்போட்ட தொடக்கங்கள்:

‘வடக்கே, பனி மூடிய சாலையில் அந்த லாரி கவிழ்ந்தபோது…’

[நான் அங்கே இல்லை. அது செப்டம்பர் மாதம். பனி பெய்ததா என்றே எனக்குத் தெரியாது. பனி இருந்தால் வாக்கியம் நன்றாக இருக்கும் என்பதற்காகப் போட்டேன்.]

‘எங்கள் மக்கள் சாவைச் சொல்வதில்லை, பாடுகிறார்கள்.’

[சுற்றுலாக் கையேட்டில் போடலாம்.]

‘புருல்ச்சா அக்கா கம்பளியின் மேல் குனிந்தபடி’

[இதை முடிக்கவே முடியவில்லை. குனிந்தபடி என்ன செய்தாள் என்று எழுதினால் அடுத்ததையும் எழுத வேண்டும்.]

3.

நேராகவே சொல்கிறேன்.

புருல்ச்சா என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு மூத்த ஓரகத்தி. கணவர் போய் ஒன்பது வருஷம். ஒரே மகன் எமில். ரஷ்யாவில் யாகூத்தியாப் பக்கம் லாரி ஓட்டினான். அக்டோபரில் அவனுக்குக் கல்யாணம் என்று பேசியிருந்தோம். அக்கா அந்தக் கல்யாணத்துக்காகக் கம்பளி விரிப்பு தைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவின் தம்பி சாதிருக்குத்தான் போன் வந்தது. எமிலோடு வேலை பார்த்த பையன் பேசினான். லாரி ஆற்றோரம் கவிழ்ந்துவிட்டது. எமில் இல்லை.

அன்று இரவே பெரியவர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். உடல் புதன் இரவு விமானத்தில் தலைநகர் பிஷ்கேக்குக்கு வரும். புதன் மதியம் ஆண்கள் வேன் எடுத்துக்கொண்டு போய், வியாழன் மதியத்துக்குள் கணவாய் தாண்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். வேன் கிளம்புவதற்கு முன், புதன் காலையில் தாய்க்குச் சொல்லிவிட வேண்டும். அதுவரை யாரும் மூச்சு விடக்கூடாது.

“சாதிர் பாடட்டும். வார்த்தைய அனார் கட்டட்டும்,” என்றார் இசாபெக் மாமா.

எங்கள் ஊரில் ‘உன் மகன் செத்துட்டான்’ என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த வாயை ஊர் மன்னிக்காது. கோமுஸை மடியில் வைத்து, மூன்று நரம்பையும் மெல்லத் தட்டி, பருந்து பற்றியோ குதிரை பற்றியோ பாட வேண்டும். பாட்டு நெருங்கி நெருங்கி வந்து கடைசியில் ஓர் இடத்தில் நின்றுவிடும். கேட்கிறவளே புரிந்துகொண்டு அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.* அதற்கப்புறம்தான் அவள் அழலாம்.

* அவளாகச் சொல்லும்வரை அழுவது முறையில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

4.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாரம் எங்கள் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். [பொய். அவள் எப்படிப் பேசுகிறாள், எந்தச் சொல்லைப் பிடித்து உள்ளே நுழையலாம் என்று பார்க்கத்தான் போனேன். அளவெடுக்கப் போகும் தையல்காரி மாதிரி.]

“எமில் போன் எடுக்கலடி,” என்றாள் அக்கா, தேநீர் ஊற்றிக்கொண்டே.

“அந்தக் காட்டுல ஏதுக்கா சிக்னல்?”

“ஆமாமா. அந்தக் காட்டுல ஏது சிக்னல்,” என்றாள் அவளும். பூர்சோக் பணியாரத் தட்டை என் பக்கம் தள்ளினாள். “சாப்பிடு. மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? ராத்திரியெல்லாம் கதை எழுதினியா?”

“ஆமாக்கா.”

“யாராவது சாகறாங்களா அதுல?”

நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்புகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

5.

பாட்டு இப்படித் தொடங்கியது. இதில் எனக்கு வெட்கமில்லை, நன்றாகவே வந்திருந்தது:

வடக்கே போன பருந்துக்கு
வாசல் திறந்தே கிடக்கு அக்கா
மலைக்கு மலை கேட்டாச்சு
மறுமொழி ஒண்ணும் வரலே அக்கா

அடுத்த இரண்டு வரியில் பருந்து திரும்பாது என்பது அவளுக்கு விளங்க வேண்டும். ஆனால் ‘திரும்பாது’ என்று சொல்லிவிடக்கூடாது. கூடு என்று எழுதினேன், பழசாக இருந்தது. சிறகு என்று எழுதினேன், சினிமாப் பாட்டு. ‘காற்று மட்டும் வீட்டுக்கு வந்து’ என்று ஒன்று எழுதி, அதை எனக்கே பாடிக்காட்டி, அழுது, ‘இதற்கு நானே அழுகிறேன் என்றால் நல்ல வரிதான்’ என்று நினைத்து, மறுநாள் காலை பார்த்தால் பல்லிளித்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இதே வேலை. எமிலை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். அவன் முதல் பல் என் விரலைக் கடித்துத்தான் வெளியே வந்தது. அந்த இரண்டு நாளில் நான் அவனை எத்தனை தடவை நினைத்தேன் என்று கேட்காதீர்கள். பருந்தைத்தான் நினைத்தேன்.

6.

செவ்வாய் மதியம் மறுபடி போனேன். சாதிரும் வந்தான். ‘சும்மா அக்காவைப் பார்க்க வந்தேன்’ என்று, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன், வாரநாளில்.

அக்கா தரையில் கம்பளியை விரித்து வைத்திருந்தாள். போன வாரம் அதில் ஆட்டுக்கொம்பு வளைவுகளைச் சாக்கட்டியால் வரைந்திருந்தாள். கல்யாண விரிப்பு என்றால் அதுதான் வழக்கம். அதெல்லாம் இப்போது துடைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதில் ஒரு நீளமான சாலை. சாலையில் குட்டியாக ஒரு லாரி. சாலை பாதிக் கம்பளிவரை வந்து நின்றுவிட்டது.

“என்னக்கா, விரிப்புல லாரியா?” என்றேன்.

“என் கம்பளி, என் லாரி.”

“மருமகப்பொண்ணு இதுல உக்காரணும்கா. கொம்பு போட்டாத்தானே…”

“உனக்கென்னடி, நீ உன் கதைல என்ன வேணா போடற. நான் ஒரு லாரி போடக்கூடாதா?”

சாதிர் எழுந்து கொட்டிலில் குதிரையைப் பார்க்கப் போனான். வெகுநேரம் வரவில்லை.

சாலையை இன்னும் வரைந்து முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது முடிந்த படம். அவள் எங்களுக்குச் சொல்லிவிட்டாள். தனக்குத் தெரிந்த வழியில், தனக்குத் தெரிந்த மொழியில். நான் அதன் ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, கடைசி இரண்டு வரியை யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

(வாசகரே, நீங்கள் அப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களுக்கு நான் இது கதை என்று சொல்லிவிட்டேனே. எனக்கு யாரும் சொல்லவில்லை.)

7.

புதன் காலை. வேன் வந்துவிட்டது. சாதிர் கோமுஸோடு என் வீட்டு வாசலில் நின்றான்.

“குடு.”

“நாலு வரி இருக்குண்ணே. கடைசி ரெண்டு இன்னும்…”

“இன்னும்?”

“வரலை.”

“வரலைன்னா? என்ன, பஸ்ஸா அது? ரெண்டு வரிதானே, எதையாவது போட்டு முடி!”

“எதையாவதுன்னு எப்படிண்ணே போடறது? உங்க அக்கா வாழ்நாள் பூரா மறக்க மாட்டாங்க அந்த வரிய. நாளைக்குக் காலைல குடுத்துடறேன். வேன் திரும்பி வர நாளைக்கு மதியம் ஆயிடும்ல, நேரம் இருக்கு.”

அவன் வேன் பக்கத்தில் நின்ற பெரியவர்களைப் பார்த்தான். இசாபெக் மாமா தாடியைத் தடவினார். அரைகுறைப் பாட்டோடு ஒரு தாய் முன்னால் போய் நிற்கக்கூடாது, எழுதறவளுக்குத் தெரியும், என்றார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மதியம் வேன் கிளம்பியது. டிரைவர், என் கணவர், இன்னும் இரண்டு பேர். பின்னால் ஒரு இருக்கை காலி.

8.

வியாழன் காலை ஒன்பது மணி. வரிகள் வந்துவிட்டன. நான் எழுதியதிலேயே அவைதான் சிறந்தவை என்று இப்போதும் நினைக்கிறேன். இங்கே தர மாட்டேன்.

அக்கா வீடு பெருக்கி, நடு அறையில் எல்லோரும் உட்கார இடம் செய்து வைத்திருந்தாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. சாதிர் உட்கார்ந்தான், நரம்பைத் தட்டினான். அவன் குரல் நல்ல குரல். பருந்து போனது. வாசல் திறந்து கிடந்தது. மலைக்கு மலை கேட்டாச்சு. நாலாவது வரி முடிந்தது. அடுத்தது அந்த இரண்டு வரி.

அக்கா கையை நீட்டி நரம்புகளின் மேல் வைத்தாள்.

“போதும்டா. எம்புள்ள செத்துட்டான். எத்தனை மணிக்கு வர்றான்?”

சாதிர் கோமுஸைக் கீழே போட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பெண்கள் அழும் பாட்டை எடுத்தாள். அதில் பருந்து இல்லை, மலை இல்லை. நாற்பத்து மூணாம் நம்பர் பூட்ஸை யாரடா போடுவா, உன் அப்பன் காலு கூட நாப்பத்தொண்ணுதானேடா, இந்த வீட்ல அவ்வளவு பெரிய கால் யாருக்கடா இருக்கு என்று பாடினாள்.

எனக்கு அப்படி ஒரு வரி வந்ததே இல்லை என்று நினைத்தேன். பாருங்கள், அந்த நிமிஷத்திலும் நான் அதைத்தான் நினைத்தேன்.

9.

நாற்பதாம் நாள் ஆடு அறுத்து, ஊருக்குச் சாப்பாடு போட்டு, எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவரும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

“அக்கா, உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கெழமை விடிகாலை.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பக்கத்து வீட்டு பாத்மா வந்து, ‘இன்னிக்கு வாய்க்கால் தண்ணிய நீயே மொதல்ல பாய்ச்சிக்க’ன்னா. அஞ்சு வருஷமா தண்ணி முறைக்கு எங்கிட்ட மண்வெட்டியத் தூக்கிட்டு நிக்கிறவ. என் வீட்ல எழவு விழுந்தாத்தான்டி அவ வாய்லேர்ந்து அப்படி வரும். என் வீட்ல வெளில இருக்கறது ஒருத்தன்தானே.”

“ஏன் கேக்கலைக்கா?”

“கேட்டா, உங்கள்ல யாராவது ஒருத்தர் வாயால சொல்லணும். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு? பாட்டு கட்டறீங்கன்னு தெரியும். சாதிர் மூஞ்சிலயே இருந்துச்சு. வேன் புதன்கெழமைக்குப் பேசியிருக்குன்னு காதுல விழுந்துச்சு. சரி, அன்னிக்கு வந்து சொல்லிருவாங்க, அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்போம்னு இருந்தேன்.” தட்டைக் கழுவி என்னிடம் கொடுத்தாள். “புதன்கெழம வேன் சத்தம் கேட்டுச்சு. கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் அனார். நீங்க வந்து சொன்னதும் அதுல ஏறிப் போயிரலாம்னு. எந்த ஆம்பள என்னைத் தடுத்திருப்பான்? போறப்ப நானு, வர்றப்ப நானும் அவனும். பிஷ்கேக்லேர்ந்து ஆறு மணி நேரம். வேன் போற சத்தம் கேட்டுச்சு. நீங்க வரல.”

நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றுமில்லை.

“கடைசி ரெண்டு வரி…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். சாதிர் சொன்னான்.” அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “பரவால்லடி. நீயும் வேணும்னேவா செஞ்ச? ஒண்ணு பண்ணு. நீதான் எழுதறவளாச்சே. அந்த ஆறு மணி நேரத்த எழுதிக் குடு. நான் அவன் பக்கத்துல உக்காந்து வந்தேன்னு எழுது. எனக்குப் படிச்சுக் காட்டு.”

10.

அதற்காகத்தான் இவ்வளவும். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வேனில் தாய் வழியெல்லாம் பாடிக்கொண்டே வருகிறாள். டிரைவர் கண்ணைத் துடைக்கிறான். [டிரைவர் என்னைப்போலவே அழகாக அழுகிறான். கிழித்தேன்.]

இரண்டு: அவள் ஒன்றும் பேசவில்லை. பெட்டியின் மேல் கை வைத்தபடி, ஜன்னலுக்கு வெளியே மலைகள், மலைகளுக்கு மேலே ஒரு பரு

[வேண்டாம்.]

மூன்று: வேனில் ஏறுகிறாள். கதவு சாத்தப்படுகிறது. வழியில் கோச்கோர் ஊரில் நிறுத்தி டிரைவர் டீ வாங்கித் தருகிறான். அவள் இரண்டு டம்ளர் வாங்குகிறாள். கணவாயில் ஏறும்போது வேன் குலுங்குகிறது. ‘மெல்லப் போப்பா’ என்கிறாள். அப்புறம் மகனிடம்

இந்த மூன்றாவதை, இந்த இடம்வரை, போன வாரம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“ரெண்டு டம்ளர் சரி,” என்றாள். “அப்புறம்? அவங்கிட்ட என்ன சொன்னேன்?”

“யோசிச்சுக்கிட்டு இருக்கேன்கா. நல்லா வரணும்ல.”

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் எழுந்து போய் அடுப்பில் சாணி வறட்டி ஒன்றைப் போட்டுவிட்டு வந்து, மறுபடி என் எதிரில் உட்கார்ந்தாள்.

அதனால் இந்தக் கதையை நான் முடிக்கப் போவதில்லை. என்னிடம் விட்டால் நாளைக்கு என்பேன். இதற்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. வேன் கணவாயில் ஏறிக்கொண்டிருக்கிறது. தாய் மகன் பக்கம் குனிந்திருக்கிறாள். அவள் சொன்னதை நீங்கள் எழுதுங்கள். பென்சில் இருந்தால் பென்சில், இல்லாவிட்டால் வாயால் சொன்னாலும் போதும். பாட்டாக வந்தாலும் சரி, படமாக வந்தாலும் சரி. நன்றாக வர வேண்டியதில்லை. இப்போதே வந்தால் போதும், அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.