அதிபர் சுமந்து போன சக்காவ் செடி

“அந்தச் செடியைக் கீழ வைங்க! இதைத் தூக்கிட்டுப் போனா, தப்புப் பண்ணினோம்னு நாமளே ஊருக்குச் சொல்ற மாதிரி!” மெரிநா போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.

“கத்தாதடி. உன் தம்பி பண்ணின வேலைக்கு வேற என்ன செய்ய?” என்றார் அவள் புருஷன், எங்கள் தீவு நாட்டின் அதிபர் யொவானெஸ்.

வெளித்தீவு ஆஸ்பத்திரிக்கென்று கப்பலில் வந்த ஜெனரேட்டர் அந்தத் தம்பியின் கொல்லையில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் தீவு முழுக்க இருட்டு, அவன் வீடு மட்டும் கல்யாண வீடு. “எனக்குத் தெரியாது” என்று அதிபர் ரேடியோவில் சொன்னார். உண்மைதான், மச்சினனை அவர் கேட்டதே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவானே!

திங்கட்கிழமை காங்கிரசில், அதாவது எங்கள் நாடாளுமன்றத்தில், அதிபர்மேல் பதவிநீக்க ஓட்டு. தன் ஆட்கள் என்று நம்பிய உறுப்பினர்களைத் தேடிப் போனார். ஒருவர் மீன்பிடிக்கப் போயிருந்தார். இன்னொருவருக்குத் திடீர்ப் பல்வலி. மிச்சம், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதரான கசியானோ. அவர் கை எந்தப் பக்கமோ, மற்றவர்கள் கையும் அந்தப் பக்கம்.

எங்கள் ஊரில் சக்காவ் செடியை வேரோடு ஒரு வாசலுக்குக் கொண்டுபோனால் மன்னிப்புக் கேட்பதாக அர்த்தம். வேரை இடித்துப் பிழிந்த சாற்றை வீட்டுக்காரர் குடித்துவிட்டால் கோபம் தீர்ந்தது. அதைத்தான் அதிபர் நம்பினார்.

தூக்க இரண்டு ஆள் வேண்டும். டிரைவர் லீவு, காவலாளிக்கு இடுப்புப் பிடிப்பு. அதிபரே தோளில் சுமந்து மழையில் நடந்தார். ஜன்னல்களில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். யாரும் குடை நீட்டவில்லை.

கசியானோ மறுக்கவில்லை. வேரை இடித்துப் பிழிந்த சாற்றைச் சிரட்டையில் வாங்கிக் கண்ணை மூடிக் குடித்தார்.

அதிபருக்கு உயிர் வந்தது. “அப்போ திங்கக்கிழமை என் பக்கம்தானேடா?”

“உன்மேல எனக்குக் கோபமே இல்ல. மன்னிச்சாச்சு.”

“அது போதும்டா.”

“எதை மன்னிச்சேன்? நீ பண்ணின தப்பை. ரேடியோவுல தெரியாதுன்ன, என் வாசல்ல வந்து ஒத்துக்கிட்ட. இதுக்கப்புறம் உனக்காக எப்படிடா கையைத் தூக்குவேன்? இந்தா, நீயும் குடி.”

அதிபர் குடித்தார். சக்காவ் சாறு பட்டால் மரத்துப் போகும் நாக்கு, அவருக்கும் மரத்துப் போயிற்று.

பதவி போனது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கசியானோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மெரிநா தம்பியையும் கூட்டிக்கொண்டு குவாம் தீவில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். யொவானெஸ் அம்மா வழியில் வந்த சின்னத் தீவில் தனியாகக் குடியேறினார். மறுவருஷம் கசியானோ மகளுக்குக் கல்யாணம். முதல் அழைப்பு யொவானெஸுக்குத்தான், கோபம்தான் இல்லையே! வந்தார், பன்றிக்கறியும் கிழங்கும் சாப்பிட்டார், முதல் படகிலேயே திரும்பிவிட்டார்.